பால்மாவை வறுத்தது யார்?

1. கட்டிங் லைன்

லாசாலில் இருந்த அந்த இனிப்புத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி மிஸ்யூ ரேமோன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தார். "பெலமான கை. கட்டிங் லைனில விடு" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் இங்கே என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். அவருக்கு அதுவே அதிகப்படியான மரியாதை.

கட்டிங் லைனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் இறுகிய சொக்லேட் பார்கள் ஷீட் பான் என்ற தட்டையான தட்டுகளில் வரும். கத்தியை வெந்நீரில் தோய்த்து, துடைத்து, வெட்டவேண்டும். தோய், துடை, வெட்டு. நாள் முழுக்க நின்றபடி. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மாலையில் மெட்ரோப் படி ஏறும்போது முழங்கால்கள் இரண்டும் என்னைத் திட்டும்.

லைனுக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை. டெஸ்ட் கிச்சன் என்பார்கள். புதிய பார்களைச் செய்து பார்க்கும் இடம். ஒரு சின்ன ஓவன், ஒரு சின்ன மிக்சர், ஒரு நாற்காலி. ஓவனையும் மிக்சரையும் விடுங்கள், அந்த நாற்காலியைத்தான் நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தவர் டொரொண்டோவுக்குப் போனதும் மிஸ்யூ ரேமோன் எங்களையெல்லாம் கூட்டி ஒரு பிரசங்கம் வைத்தார்.

"இனி வெளியில ஆள் தேடமாட்டன். உங்களில ஆராவது சொந்தமா ஒரு பார் செய்து, அது கடைக்குப் போச்சுதெண்டால், அந்த அறை அவருக்குத்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு ஏற்கெனவே யோசனை ஓடத் தொடங்கிவிட்டது.

2. அலுமாரித் திருட்டு

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டில் மோல்ட் என்ற சத்துமா டின்னும் பால்மாப் பெட்டியும் அலுமாரிக்குள் பூட்டில் இருக்கும். திறப்பு இருக்கும் இடம் எனக்கும் என் அண்ணனுக்கும் தெரியும். அம்மா பூசைக்குப் போகும் நேரம் பார்த்து இரண்டையும் அள்ளி, சீனி போட்டு, மேரி பிஸ்கட்டை நொறுக்கி, ஒரு துளி தண்ணீர் விட்டு உருட்டி விழுங்குவோம். அதற்கு ஒரு பெயரும் கிடையாது. அம்மா கண்டால் அகப்பைக் காம்பு முறியும். என் சின்ன வயதில் நான் சாப்பிட்டவற்றில் மிக ருசியானது அதுதான். களவு என்பதால் ருசி கூடியிருக்கலாம்.

அதை ஒரு சொக்லேட் பாராக மாற்றுவதற்கு ஒரு முழுக் குளிர்காலம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பார்ட்மென்ட் குசினியில் செய்வேன். பச்சைப் பால்மா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மோல்ட் ஈரத்தை இழுத்து அடிப்பகுதியைக் களியாக்கியது. பால்மாவைக் கூட்டினால் ஓடு மாதிரி இறுகியது. கடைசியில் பால்மாவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனைக் குறைந்த சூட்டில் வைத்து, அடிக்கடி கிளறிக் கிளறிப் பொன்னிறமாக வறுத்துப் பார்த்தேன். பால்மா பச்சை வாசம் போய், கச்சான் கடலை வறுத்த வாசத்துக்கு வந்தது. பட்டரும் டின்பாலும் பிஸ்கட் தூளும் சேர்த்து அமுக்கி, மேலே கறுப்புச் சொக்லேட்டும் ஒரு சிட்டிகை உப்பும். அன்று குசினியில் தனியாக நின்று நான் சிரித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிஸ்யூ ரேமோன் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைப் பேப்பரில் சுற்றிக் கோட்டுப் பொக்கெற்றில் வைத்தார். "இது கடைக்குப் போகுது" என்றார்.

3. ஸ்தெபான் எழுதிய பழம்பெருமை

அதன்பிறகு ஸ்தெபான் வந்தார். லொங்குய்யிலிருந்து தினமும் மெட்ரோவில் வரும் மார்க்கெட்டிங்காரர். கழுத்தில் எந்நேரமும் ஒரு சால்வை. பேக்கிங் பவுடருக்கும் பேக்கிங் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் இனிப்புக் கொம்பனியில் சம்பளம் வாங்கியவர்.

"இதின்ர கதை என்ன, றெஜினா?"

அலுமாரி, திறப்பு, அகப்பைக் காம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அழுகின மீனை நீட்டியதுபோல முகத்தைச் சுளித்தார்.

"களவே? டின்னில வாற பவுடரே? அது விக்காது. உங்கட பாட்டி ஆராவது செய்யேல்லையோ?"

"என்ர ரெண்டு பாட்டிமாரும் நான் பிறக்க முன்னமே செத்துப்போச்சினம்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் உறை அச்சாகி வந்தது. அதில் ஒரு கிழவி, ஒரு மண்சட்டி, இரண்டு தென்னைமரம். இலங்கைத் தீவில் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாக்களுக்குச் செய்துவந்த இனிப்பாம். நான் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"மிஸ்யூ, இது பொய். இதை நான்தான் செய்தனான்."

"தெரியும், றெஜினா, தெரியும். உறை வேற, வேலை வேற. நீ யோசியாதை."

நானும் யோசிக்கவில்லை. பிறகு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

4. சந்தையில் சாட்சிகள்

பாரை ஜான்-டலோன் சந்தையில் ஒரு மேசை போட்டு அறிமுகம் செய்தார்கள். வெட்டிக் கொடுப்பது நான். வீடியோக் கமெராவுடன் நிற்பது ஸ்தெபான். எங்கள் தமிழ்ப் பங்குத் தேவாலயத்தில் பூசை முடிய நானே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். இலவசம் என்றால் எங்கள் சனம் வராமல் இருக்குமா? குளிருக்குக் கோட்டும் தொப்பியுமாகத் திரண்டு வந்தார்கள். முன்னுக்கு நின்றவர் மாதர் சங்கத் தலைவி திரேசா அக்கா.

அவருக்குப் பிரெஞ்சு வராது. அதனால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

"சின்ன வயசில இதைச் சாப்பிட்டிருக்கிறாவோ எண்டு கேள்" என்றார் ஸ்தெபான். கேட்டேன்.

திரேசா அக்கா கமெராவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலைமயிரைச் சரிசெய்தார்.

"ஏன் சாப்பிடேல்ல? பெருநாளெண்டால் எங்கட வீட்டில இதுதானே!"

என் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் அவர் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னேன். "பால்மாவை வறுக்கிறவையோ?" என்று ஸ்தெபான் அடுத்த கேள்வியைத் தூக்கிக் கொடுத்தார்.

"ஓம், ஓம். எங்கட பெரியம்மா மண்சட்டியில வறுத்துத்தான் போடுறவ. என்ன வாசம்!"

பெரியம்மா மண்சட்டியில் வறுத்ததை நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னால் நின்ற மன்னார்க்காரர் ஒருவர், தங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பெயர் என்றார். என்ன பெயர் என்று கேட்டால், "இப்ப வாயில வருதில்லை." சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு பையன், "எங்க வீட்லயும் தீபாவளிக்கு செய்வாங்க ஆன்ட்டி" என்று சொல்லி நாலாவது துண்டை எடுத்தான். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.

கூட்டம் கலைந்தபிறகு திரேசா அக்காவைத் தனியே பிடித்தேன்.

"அக்கா, மெய்யாத்தான் சாப்பிட்டனீங்களோ?"

"உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரன் கமெராவோட வந்து உங்கட பலகாரமோ எண்டு கேக்கேக்க, இல்லையெண்டு சொல்லுறதே? எங்கட சனத்துக்குப் பெருமையெல்லோ!"

"அது என்ர பார் அக்கா. நான் யோசிச்சுச் செய்தது."

"உன்ர எண்டால் என்ன, எங்கட எண்டால் என்ன?" என்று சொல்லி, வீட்டுக்கும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

5. நாற்காலி

பார் நன்றாக விற்றது. மிஸ்யூ ரேமோன் என்னைக் கூப்பிட்டார். ஏப்ரனைக் கழற்றி, முகம் கழுவிக்கொண்டு போனேன்.

"றெஜினா, உனக்கு நன்றி. ஆனா இது நீ உண்டாக்கினதில்லையே. உங்கட சனத்தின்ர பழைய பலகாரம். நீ ஞாபகம் வச்சிருந்து தந்தனி. அந்த அறைக்குப் புதுசா யோசிக்கிற ஆள் வேணும்."

"பழைய பலகாரம் எண்டது ஸ்தெபான் எழுதினது. அப்பிடி ஒண்டு எங்கட ஊரில இல்லை."

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரேசா அக்காவின் வாய் அசைந்தது. குரல் என்னுடையது. தெளிவான பிரெஞ்சில் நான் சொல்கிறேன்: எங்கள் பெரியம்மா மண்சட்டியில் வறுத்துத்தான் போடுவார்.

"இவ்வளவு பேரும் பொய்யோ சொல்லுகினம்? நீயே சொல்லுறாய், பார்."

என் சனம் முழுவதும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தது. மொழிபெயர்த்தவளும் நான்தான். நாற்காலி ஸ்தெபானுக்குப் போயிற்று. மூதாதையர் இனிப்பைக் கண்டெடுத்தவர் அவராம். நான் கத்தியை வெந்நீரில் தோய்த்தேன். கண்ணீர் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது, அவர்களிடம் பாதி, எங்களிடம் பாதி.

சில வாரத்தில் ஸ்தெபான் லைனுக்கு வந்து குனிந்து கேட்டார். "உங்கட ஊரில வேற என்ன பழைய இனிப்பு இருக்கு?"

"ஒண்டுமில்லை. எல்லாம் முடிஞ்சுது" என்றேன். அந்த மாதமே வேலையை விட்டேன்.

6. இளையவர்களுக்கு

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேக்கரியில் ஆள் தேடினார்கள். இஞ்சியும் ஒரேஞ்சுத் தோலும் போட்ட ஒரு புதிய சொக்லேட் பாரைச் செய்துகொண்டு போனேன். கடைக்காரி ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கேட்டாள். "இதுக்கு என்ன கதை?"

"கதை இல்லை. செவ்வாய்க்கிழமை யோசிச்சனான், புதன்கிழமை செய்தனான். நான்தான் செய்தனான்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகவே சொல்லுங்கள். முதல் நாளே, உரத்து, நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி, ஊர், பாரம்பரியம் என்று யாராவது பூமாலையோடு வந்தால், அது உங்கள் பெயரை மூடுகிற அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெருமைப்பட உங்கள் சனம் ஓடிவரும். உங்களுக்காகப் பேச வராது.

போன நத்தார்ப் பண்டிகைக்குத் திரேசா அக்கா ஒரு தட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "உவன் கொம்பனிக்காரன் விக்கிறது சரியில்லை. இதுதான் எங்கட ஒறிஜினல் முறை" என்றார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். பால்மா கருகிக் கசந்தது.

அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தி, "சட்டியில போட்டு வறுத்தனான். ஏன் கசக்குதெண்டு விளங்கேல்ல. நீ எப்பிடியடி வறுக்கிறனி?" என்று கேட்டார்.

நான் தேத்தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கென்ன தெரியும் அக்கா? உங்கட பெரியம்மா எப்பிடி வறுத்தவ எண்டு யோசிச்சுப் பாருங்கோ."