பரஸ்தானம் போன நாய்கள்

நாய்களோடு ஹாம்பர்க் போன கதையைக் கேட்பவர்கள், எந்த ஏர்போர்ட்டில் அதிகம் தொல்லைப்பட்டாய் என்றுதான் விசாரிக்கிறார்கள். எந்த ஏர்போர்ட்டிலும் இல்லை. நான் மாட்டிக்கொண்டு முழித்த இடம், திருத்தணிக்கு மேற்கே ஒன்பது பத்து கிலோமீட்டரில் இருக்கும் கே.ஜி.கண்டிகை. என் கூடப் பிறந்த அக்கா மல்லிகா வாக்கப்பட்ட ஊர்.

திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. சென்னையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து திருத்தணியில் இறங்கினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். நாய்களை அந்த ட்ரெயினில் ஏற்ற முடியாது என்பதால் ஸ்டேஷன் வாசலில் ஆம்னி வேன் பேசி வைத்திருந்தேன். கண்டிகை போய் நாய்களை ஏற்றிக்கொண்டு சென்னை வரைக்கும் மூவாயிரத்து ஐநூறு. டிரைவர் முனிரத்னம் முன்கூட்டியே பின் சீட்டைக் கழற்றிவிட்டு நாய்களுக்கான இரண்டு கூண்டுகளையும் ஏற்றியிருந்தார். அன்று கிருத்திகை வேறு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். பைபாஸ் வரைக்கும் வேன் ஊர்ந்துதான் போனது.

"மலைக்குப் போயிட்டுப் போலாமா மேடம்?" என்றார் முனிரத்னம்.

"பன்னெண்டு மணிக்கு ரெண்டு நாயும் சென்னையில டாக்டர் முன்னாடி நிக்கணும். சாமி இங்கயே இருந்து பாத்துக்கட்டும்" என்றேன்.

அந்தப் பன்னிரண்டு மணிக்குக் காரணம் உண்டு. நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது என்றால், முதலில் கழுத்துத் தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும், பிறகு வெறிநாய்க்கடி ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை, அந்த ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. எல்லாம் முடிந்து, கிளம்புகிற சமயத்தில் அரசாங்க டாக்டர் நாயை நேரில் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அன்று இரவே விமானம். நாய் வராவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் நாய் இல்லை. கணவர் முன்னாலேயே ஹாம்பர்க் போய்விட்டார். சென்னை வீட்டைக் காலி பண்ணிவிட்டு நான் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியதால், காத்திருப்புக் காலம் முழுக்க நாய்கள் அக்கா வீட்டில் இருந்தன. பெரியவன் டைகர், பத்து வயது நாட்டு நாய். சின்னது புஜ்ஜி, இரண்டு வயதுதான், வாயாடி.

கண்டிகையில் அக்கா வீட்டு வாசலில் வேன் நின்றது. குரைப்புச் சத்தம் இல்லை. அக்கா காபி டம்ளரோடு வந்தாள். பின்னால் பாவா, அக்காவின் வீட்டுக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார்.

"நாய்ங்க எங்கக்கா?"

"பரஸ்தானம் வெச்சிட்டோம்டி. நேத்து சாயங்காலமே."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. சென்னையோ கிழக்கே இருக்கிறது. தவிர்க்க முடியாத பயணம் என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பையையோ ஒரு துணியையோ போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். வைத்த பொருள் மட்டும் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. இதெல்லாம் எங்கள் வீட்டில் காலங்காலமாகப் பண்ணுவதுதான். நாயை வைத்து யாரும் பண்ணியதில்லை.

"பைய வெச்சா போதாதா?"

"பை நம்மளுது. கடல் தாண்டிப் போறது அதுங்கதானே? அதுங்களுக்குன்னு என்ன துணி இருக்குது வெக்கிறதுக்கு?"

"கழுத்துப் பட்டை இருக்குதேக்கா."

"அத கழட்டினா ஓடிப்பூடும்."

"சூலத்துக்குத் தயிர் பரிகாரம்னு நீதான சொல்லுவே. ஒரு ஸ்பூன் தயிர் ஊத்தி அனுப்பியிருக்கலாமே."

"அதுவும்தான் குடுத்தேன். ஆளுக்கு ஒரு குண்டான் தயிர் சாதம்."

விமானத்துக்கு முன்னால் வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதை நான் போனில் நான்கு தடவை சொல்லியிருந்தேன். பாவா மெதுவாக வாயைத் திறந்தார். "நான் சொன்னேம்மா, பைய வைன்னு. யாரு கேக்கறா."

நாய்கள் இருந்தது ஊரின் கிழக்குக் கோடியில், டீக்கடை நாகராஜ் வீட்டில். நானும் முனிரத்னமும் போனோம். நாகராஜ் பாலை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ராவெல்லாம் ஊளைங்க. தெருவே எழுந்து வந்து என்னைத் திட்டுது. அதான் விடியக்காத்தால மச்சான் லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டேன்."

"எங்க?"

"ஆர்.கே.பேட்டைக்கு. அவனுக்கு அங்க தறி ஷெட்டு கீது. தறி ஓடற சத்தத்துல இதுங்க ஊளையிட்டா யாருக்குக் கேக்கும்? நீங்க வர்றதுக்குள்ள இட்டாந்துடலாம்னுதான் நெனச்சேன்."

கிழக்கே போகும் சகுனத்துக்காக வைத்த நாய்கள் மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போயிருந்தன. வாயில் வந்ததை எல்லாம் நாகராஜிடம் கொட்டிவிட்டு வேனில் ஏறினேன். பாவம், அந்த மனிதர் அவ்வளவுக்கும் "ஆங், தப்புதாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆர்.கே.பேட்டை போய்ச் சேர ஏழே முக்கால் ஆகிவிட்டது. ஷெட்டுக்குள் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நாகராஜின் மச்சான் பேசுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. மூலையில் நூல் மூட்டை மேல் புஜ்ஜி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள், உடம்பெல்லாம் பஞ்சு. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. டைகர் இல்லை.

வெளியே இழுத்துவந்து கேட்டேன். மச்சான் தலையைச் சொறிந்தார்.

"பெரிசு பாதி வழியிலயே குதிச்சிடுச்சுங்க. வளைவுல ஆட்டோ ஸ்லோ ஆச்சு பாருங்க, அங்க. திரும்பிப் பாக்கறேன், கரும்புக் காட்டுக்குள்ள பூந்து போயிகினே இருக்குது."

"கத்திக் கூப்பிட வேண்டியதுதானே?"

"பேரு தெரியலைங்களே."

புஜ்ஜியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். முனிரத்னம் வேனை நடை வேகத்தில் ஓட்டினார். நான் ஜன்னலில் தலையை நீட்டி "டைகர், டைகர்" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டு வந்தேன். கரும்பு, வேர்க்கடலை, மறுபடி கரும்பு. ஒரு நாற்பது தெரு நாய்கள் எழுந்து நின்று பார்த்தன, எங்கள் நாய் மட்டும் இல்லை. பத்து வயதுக் கிழவன், இடுப்பு வலி உள்ளவன், லாரி போகிற ரோடு. பயத்தில் எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். அக்காவை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

ஒன்பது மணி இருக்கும். அக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்தபடி டைகர் படுத்திருந்தான். காலெல்லாம் சேறு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கேட் சாத்தியிருந்தது. அக்கா அதற்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ்ளோ தூரம் நடந்து வந்த நாய உள்ள கூட விடலையா நீ?"

"பரஸ்தானம் போனது உள்ள வரக் கூடாதுடி."

"உன் பரஸ்தானத்துல இடி விழ. இவன் உன்னைத் தேடி இம்மாந்தூரம் ஓடி வந்திருக்கான், நீ கேட்ட சாத்தி வெச்சிருக்கே. சரி, எனக்குப் புரிஞ்சிபோச்சு. இத்தன மாசத்துல இவன் உன் நாயா ஆயிட்டான். நீயே வெச்சுக்க. நான் புஜ்ஜிய மட்டும் கூட்டிக்கினு போறேன்."

கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு அதுதான் நியாயமோ என்றும் தோன்றியது. அக்காவின் கணக்குப்படியும் பயணம் தடைப்பட்டுவிட்டது, திரும்பி வந்தது அங்கேயே இருக்க வேண்டியதுதான். அவள் வாயிலிருந்து அதை எதிர்பார்த்து நின்றேன்.

அக்கா எழுந்து புடவையில் மண்ணைத் தட்டினாள். "என்னைத் தேடி வரலைடி. நீ விட்டுட்டுப் போன நாள்லருந்து தினம் இங்கதான் படுக்குது. பஸ் வந்தா எழுந்து நிக்கும். நீ எறங்கலைன்னா மறுபடி படுத்துக்கும். சோறு கூட இங்க கொண்டாந்து வெச்சாத்தான் துன்னும். நாகராஜ் வூட்ல நீ வந்து எறங்கினா தெரியாதுன்னு இங்க ஓடி வந்திருக்குது."

டைகர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏங்க்கா அனுப்பினே?"

"நல்ல நேரம் பாத்துத்தான் அனுப்பினேன். அதோட, நீ வந்து ஏத்தறத நான் நின்னு பாக்க வேணாம்னும் நெனச்சேன். அது உன்னைப் பாத்ததும் என்னைத் திரும்பிக் கூடப் பாக்காது. எனக்குத் தெரியும்."

வேன் கதவைப் பாவா திறந்து பிடித்தார். அக்கா குனிந்து டைகரைச் சேறோடு அள்ளித் தூக்கினாள். பதினெட்டு கிலோ. அவளுக்கும் இடுப்பு வலி உண்டு. கிழக்கே சூலம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கூண்டுக்குள் வைத்துக் கொக்கியை மாட்டினாள். அவன் அவளைத் தாண்டி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வால் கூண்டில் அடிபடும் சத்தம் கேட்டது. அவள் சொன்னது சரி.

வேன் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்தாள். "அங்க போனப்புறம் வீடியோ கால்ல அதுங்கள காட்டாத. என் குரல் கேட்டா தேடும்."

"சரிக்கா" என்றேன். காலையிலிருந்து அவளிடம் நான் எதிர்த்துப் பேசாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

திருத்தணியில் கிருத்திகைக் கூட்டம் அரை மணி நேரம் தின்றது. பூந்தமல்லியில் ஒரு சிக்னல் விடாமல் சிவப்பு. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். டாக்டர் சிப்பைப் பார்த்தார், புஜ்ஜியின் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்டார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் வேலை. அதற்காகவா இத்தனை கூத்து என்று எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது.

ஹாம்பர்க்கில் எல்லாம் ஒழுங்கு. நாய்க்கு வரி உண்டு, ட்ரெயினில் ஏற்றலாம், யாரும் யார் வீட்டிலும் எதையும் கொண்டுபோய் வைப்பதில்லை. ஞாயிறுதோறும் அக்கா கூப்பிடுகிறாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன். அங்கே ஹீட்டர் கிடையாது, பல் தந்தியடிக்கிறது. ஊர்க்கதை அத்தனையும் சொல்லுவாள், நாய்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. போன ஞாயிறு பேசி முடித்துக் கதவைத் திறந்தேன். டைகர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த போனை வெகு நேரம் முகர்ந்துகொண்டு நின்றான். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.