ஓடற சங்கும் வர்ற சங்கும்

பிழைப்புக்காக எல்லாரும் நாலு பேரைக் கூப்பிடுகிறார்கள். கடைக்காரர் கூப்பிடுகிறார், பஸ் கண்டக்டர் கூப்பிடுகிறார், ஓட்டு கேட்கிறவர் கும்பிட்டுக் கூப்பிடுகிறார். மாயவன் மட்டும் ஆட்களை விரட்டியே பிழைத்தார்.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவருக்கு வேலை. அங்கே மத்தியானத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். வைப்பதற்கு முன்னால் சங்கு போட வேண்டும். கோயில் சங்கு இல்லை. கனமான இரும்பு உருளை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பிடித்து வேகமாகச் சுற்றினால் அலறும். சுற்றுகிற ஆள் மாயவன்.

சங்கில் இரண்டு வகை. சத்தம் ஏறி ஏறி இறங்கி, நீட்டி நீட்டி வந்தால் அது ஓடற சங்கு. சுரங்கத்தை ஒட்டிய சுண்ணாம்புக்குட்டை என்கிற ஊரில் அதைக் கேட்டதும் அடுப்பில் பால் பொங்கினாலும் இறக்கி வைத்துவிட்டுக் கூரையை விட்டு வெளியே வருவார்கள். வெட்டவெளியில் சுரங்கத்தைப் பார்த்து நிற்பார்கள். காது அடைக்காமலிருக்க வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு வெடிக்கும். சில நேரம் ஒரு வெடி தங்கிப்போய்ப் பிந்தியும் வெடிக்கும். எல்லாம் அடங்கிய பிறகு ஒரே ஒரு சங்கு, ஏற்ற இறக்கம் இல்லாமல், குட்டையாக. அதுதான் வர்ற சங்கு. அது காதில் விழாமல் அந்த ஊரில் ஒரு குழந்தைகூட வாசற்படி தாண்டி உள்ளே போகாது.

மாயவனின் சொந்த ஊரும் அதுதான். கல்யாணமான மறுநாளே புதுப்பெண் இருசம்மாளையும் சங்கு போட்டு வெளியே நிறுத்திய மனிதர்.

பிறகு சுரங்கத்துக்கு பட்டன் சங்கு வந்தது. விரல் வைத்தால் போதும், ஊதும். விரல் வைக்க மாயவன் எதற்கு? காயலாங்கடைக்குப் போக இருந்த பழைய சங்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இருசம்மாள் அதன் மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அரியலூருக்கு வெளியே, கல்லாகிப்போன உயிர்களை வைத்திருக்கிற ஒரு மியூசியம் உண்டு. அங்கே நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்கிற அம்பிகா மேடம் மாயவனை எடுபிடி வேலைக்கு எடுத்தார். தை மாதத்தில் கல்மரக் கண்காட்சி. ஆடியில் சிப்பி, நத்தைக் கல்லெல்லாம் வைத்து 'நம்ம ஊர்க் கடல்'. மே விடுமுறையில் ஞாயிறுதோறும் குடும்ப நாள். பெஞ்சு போடுவது, திரை இழுப்பது, கண்ணாடி துடைப்பது மாயவன் வேலை. துடைக்கிற கை பாதியிலேயே நின்றுவிடும். கேள்வி வந்துவிடும்.

"மேடம், இதெல்லாம் கடல்னா கரை எங்க இருந்துச்சு?"

"மேற்கால, பெரம்பலூருப் பக்கம்னு வெச்சுக்கங்களேன் அண்ணே."

"பாத்தீங்களா, அவனுங்களுக்கு அப்பவே நல்ல எடம். நம்ம மட்டும் தண்ணிக்குள்ள."

இந்த மே மாதத்துக்கு அம்பிகா மேடம் பெரிதாக ஒன்றைத் திட்டமிட்டார். மூங்கிலும் துணியும் வைத்து நெடுங்கழுத்து டைனோசர். இருட்டில் கயிற்றை இழுத்தால் கழுத்து மெல்ல எழுந்து கூரையைத் தொடும். எழும்போது குரல் கொடுக்கும். ஆனால் மியூசியத்தின் பெரிய அதிகாரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். போன வருஷம் கூட்டம் இல்லை; இந்தத் தடவை முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து பார்ப்பார்; ஜனம் ரசித்தால் நிகழ்ச்சிகள் தொடரும், இல்லாவிட்டால் அத்தனைக்கும் மூடுவிழா. மாயவனை எடுத்ததே நிகழ்ச்சிகளுக்காகத்தான். இரண்டாவது முறையும் வீட்டுக்குப் போவதென்றால் குடத்தோடு குடமாகத் தன்னையும் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

அதைவிட அவரைக் குடைந்தது அந்தக் குரல். மேடம் போனில் எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார். சிங்கமும் தண்ணீர் லாரியும் ஒன்றாகக் கத்தியதுபோல் இருந்தது.

"இதுவா மேடம் அதோட கொரலு?"

"யாருக்கும் தெரியாது அண்ணே. எலும்பு கல்லாயிருக்கு. தொண்டை சதைதான, அது மிஞ்சல. இது சினிமாக்காரங்க பண்ணது."

"தழை திங்கிற உசுரு ஏன் மேடம் புலி மாதிரி உறுமணும்? எவனக் கடிக்கப் போவுது?"

மேடம் சிரித்தார். மாயவன் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பை இத்தனை காலம் பூமி வைத்திருந்தது, ஒரு சத்தத்தை வைத்திருக்கக் கூடாதா? பஸ்ஸில் போகும்போது மாட்டைக் கவனித்தார். ரிவர்ஸ் எடுக்கும் டிப்பர் லாரியைக் கவனித்தார். மைக் செட் கட்ட வந்த லப்பைக்குடிக்காட்டுத் தாஜுதீனையும் விடவில்லை. தாஜுதீன் பல வருஷம் சவுதியில் இருந்தவர்.

"பாய், நீங்க ஒட்டகம் பாத்திருப்பீங்களே. எப்பிடிக் கத்தும்?"

"ஏன், வாங்கி வளக்கப் போறீங்களா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

தாஜுதீன் ஒயரைக் கீழே வைத்தார். கழுத்தை நீட்டித் தொண்டைக்குள் எதையோ கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம் போட்டார். டிக்கெட் கொடுக்கிற பெண் ஓடி வந்து, "யாருக்குங்க ஒடம்பு முடியல?" என்றாள்.

"ஒட்டகத்துக்கும்மா. நீ போ." தாஜுதீன் மூச்சு வாங்கினார். "அல்லாதான் காப்பாத்தணும் மாயவண்ணே. ஒரு டைனோசருக்காக என் தொண்ட போவுது."

அந்தச் சத்தத்தில் மாயவனுக்கு ஒன்று பிடிபட்டது. பெரிய உடம்பின் குரல் வாயில் இருக்காது, வயிற்றில் இருக்கும். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் குடத்தை எடுத்துவிட்டுச் சங்கைத் துடைத்தார். வேகமாகச் சுற்றவில்லை. கிணற்றிலிருந்து நிறைகுடம் சேந்துவதுபோல மெல்ல, மிக மெல்லச் சுற்றினார். அலறல் வரவில்லை. அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. தரை வழியாகக் கால்விரலுக்கு வந்தது. கட்டியிருந்த ஆடு மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மறுநாள் மியூசியத்துத் திரைக்குப் பின்னால் சுற்றிக் காட்டினார். மேடம் கையைத் தடவிக்கொண்டார். "புல்லரிக்குது அண்ணே. இதுதான்னு சொல்ல முடியாது. ஆனா இதையே வெச்சுக்குவம்."

கூட்டத்துக்கு மாயவன் தன் ஊரையே கூப்பிட்டார். அங்கேயிருந்து ஒருத்தரும் மியூசியம் பக்கம் வந்ததில்லை.

"பொழுதன்னிக்கும் கல்லு மேலயே கெடக்குறம். கல்லப் பாக்க டிக்கெட்டா?" என்றாள் இருசம்மாள்.

"இது சும்மா கெடக்குற கல்லு இல்ல புள்ள. எந்திரிக்கும். வந்து பாரு."

வந்தார்கள். ஒரு வேன் நிறைய வந்தார்கள். பெரம்பலூரிலிருந்து காரில் வந்த குடும்பங்கள் முன் வரிசையில். தாஜுதீனின் மனைவி ஜன்னத்தும் மகள் ஹுமாவும் நடுவில். சுண்ணாம்புக்குட்டை ஜனம் பின்னால், வாசலை ஒட்டி. பெரிய அதிகாரி ஓரமாகத் தனி நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு.

விளக்கு அணைந்தது. அம்பிகா மேடம் கடலைப் பற்றிச் சொன்னார், கரையில் மேய்ந்த மிருகத்தைப் பற்றிச் சொன்னார். தாஜுதீன் கயிற்றை இழுத்தார். மூங்கில் கழுத்து எழுந்தது. திரைக்குப் பின்னால் மாயவன் மெல்லச் சுற்றினார். முனகல் தரையில் பரவியது. யாரோ ஒரு குழந்தை, "அம்மா, வருது" என்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மாயவனுக்கு அது தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சத்தத்தைக் கேட்டு ஜனம் உட்கார்ந்திருக்கிறது! சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் கை வேகம் பிடித்தது. அந்தக் கைக்கு வேகம் என்றால் ஒன்றுதான் தெரியும். ஏறி ஏறி இறங்கி, நீட்டி நீட்டி, பழைய கணக்குப் பிசகாமல் மூன்று தடவை போட்டுவிட்டுத்தான் நின்றது.

பின் வரிசை எழுந்தது. கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள், செருப்பை மாட்டினார்கள், வரிசையாக வெளியேறினார்கள். தினமும் செய்கிற காரியத்தைச் செய்கிற முகம். அவர்கள் இவ்வளவு நிதானமாகப் போவதைப் பார்த்ததும் பெரம்பலூர்க்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் போகிறார்கள் என்று அவர்களும் கிளம்பினார்கள். ஜன்னத் ஹுமாவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மாயவன் திரையை விலக்கிப் பார்த்தார். ஹால் காலி. ஒற்றைச் செருப்பு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும் கழுத்து. அதன் அடியில் பெரிய அதிகாரி மட்டும்.

"என்னங்க இது?" என்றார் அதிகாரி.

மாயவன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி வெளியே வந்தார். வெயிலில் அத்தனை பேரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள், வாயைத் திறந்துகொண்டு. பெரம்பலூர்க் கூட்டமும் ஏனென்று தெரியாமலே திறந்திருந்தது.

"ஏம்மா வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று இருசம்மாளைக் கேட்டார்.

"நீங்களும் தொறங்க சார். காது அடச்சுக்கும்."

அதிகாரி ஒரு கணம் யோசித்துவிட்டு லேசாகத் திறந்தார்.

வெடி வரவில்லை. காகம் கத்தியது. ஹைவேயில் லாரி போனது. அம்பிகா மேடம் வாசலில் நின்று, "ஒண்ணுமில்லங்க, அது டைனோசர் சத்தந்தான், உள்ள வாங்க" என்றார். ஒருத்தரும் அசையவில்லை.

"தங்கிப்போன வெடியா இருக்கும்," என்றது ஒரு குரல்.

அதிகாரி வாயை மூடிக்கொண்டார். "ஏங்க மேடம், நிகழ்ச்சி பாக்க வந்த ஜனத்த நிகழ்ச்சியே வெரட்டி விட்டுருச்சு. இனி எதுக்கு இதெல்லாம்? முடிச்சுக்குவம்."

வாசலுக்குள் நின்ற மாயவனுக்கு அது கேட்டது. மேடம் கெஞ்சினாலும் ஊர் உள்ளே வராது. ஏன் வராது என்று மியூசியத்து ஆட்களில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். திரும்பி உள்ளே ஓடினார். சங்கின் கைப்பிடியைப் பிடித்தார். இந்தத் தடவை கையைத் தன் போக்கில் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சீரான வேகத்தில் ஒரு சங்கு. ஏறாமல், இறங்காமல், குட்டையாக.

வெளியே அத்தனை வாயும் மூடியது. இருசம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். ஊர் பின்னால் வந்தது. ஊருக்குப் பின்னால் பெரம்பலூர். முண்டியடிக்காமல் வந்து, அவரவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். திரை விலகியிருந்தது. சங்கோடு மாயவன் நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது.

இருசம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடப்பாவி மனுசா! இத்தினி வருசம் சும்மா வெரட்டுன. இப்ப டிக்கெட்டு போட்டு வெரட்டுறியா?"

ஹால் அதிரச் சிரித்தது. பெரம்பலூர்க்காரர்கள் என்ன ஏதென்று கேட்க, சுண்ணாம்புக்குட்டை ஆட்கள் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். பால் பொங்கியது, வாயைத் திறப்பது, தங்கிப்போன வெடி எல்லாம். பிள்ளைகள் சங்கைச் சுற்றி மொய்த்தார்கள். நடுவில் ஹுமா மாயவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அந்த டைனோசர் ஓடுன்னு சொல்லுச்சா, வான்னு சொல்லுச்சா?"

மாயவன் விழித்தார். என்ன சத்தம் என்று எல்லாரையும் கேட்டிருக்கிறார். அது எதற்குக் கத்தியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தெரியலம்மா," என்றார். மேடத்தைப் பார்த்தார். மேடமும் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப ரெண்டும் போடுங்க," என்றாள் ஹுமா.

போட்டார். ஓடற சங்குக்கு ஹாலே வெளியே ஓடியது. வர்ற சங்குக்குத் திரும்ப ஓடி வந்தது. திரும்பவும் கேட்டார்கள். பெரிய அதிகாரி கிளம்புகிற நேரத்தில் மாயவன் அருகில் வந்து கைப்பிடியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கிரீச் என்றது.

"மெதுவா சார்," என்றார் மாயவன்.

"அடுத்த ஞாயிறு என் வூட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வரேன். ரெண்டு சங்கும் இருக்கணும்," என்று அதிகாரி மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேனில் சங்கை மடியில் வைத்துக்கொண்டு மாயவன் ஊர் திரும்பினார். வேலை நிலைத்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் அது ஏறவில்லை. பக்கத்திலிருந்த இருசம்மாளைக் கேட்டார்.

"ஏன் புள்ள, அதுக்கும் ரெண்டு சத்தம் இருந்திருக்குமா?"

"குட்டி போட்டுச்சா, முட்டையா?"

"முட்டையாம். மேடம் சொல்லுச்சு."

"அப்ப என்னா கேள்வி? கோழியப் பாக்குறதில்ல? பருந்து வந்தா ஒரு மாதிரிக் கத்தும், இரை கெடச்சா ஒரு மாதிரிக் கூப்புடும்."

மாயவன் மடியிலிருந்த சங்கின் கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் இருசம்மாள் சாணி தெளிக்க வந்தபோது மாயவன் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு பிடி கம்புத் தானியம். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடுகிற சத்தத்தை இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இப்போது வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி ஆவுது. வேலைக்குப் போகல?"

"ஸ்ஸ். பருந்து வரட்டும் இரு."