என் எழுத்தில் இரண்டு அட்டைகள்

அறுபதுகளில் செஞ்சிப் பள்ளியில், என் வகுப்பில் ஜைன வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாண்டி ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் என் அப்பா, நைனா, வந்து என்னைக் கூட்டிப் போய்விடுவார். பாதியில் ஓடுகிறவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு வாய்த்தது கையெழுத்து ஒன்றுதான். பள்ளிக் கண்காட்சிக்குச் சரித்திர அட்டைகள் எழுத சார் என்னைப் பிடித்தார். முதல் அட்டையில், ஏதோ பழைய புத்தகத்தைப் பார்த்து "வட்டிக்கார யூதக் கூட்டம்" என்று எழுதிவிட்டேன். சார் முகம் சுளித்தார்.

"வேற அட்டை எடு. நாடு நாடா தொரத்தி அடிச்சாங்க அவங்கள. எழுத்துலயும் நாம அடிக்கணுமா? யூத மக்கள்னு மரியாதையா எழுது."

கண்ணால் பார்த்திராத அந்த மக்கள்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அவர்களையும் யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது தமிழ்நாட்டுச் சரித்திரம். "குளிக்காத மொட்டை அமணரை விரட்டி மன்னர்கள் நாட்டைக் காத்தனர்" என்று சார் சொல்லச் சொல்ல எழுதினேன். அமணர் என்பது ஜைனர்களைப் பழித்துச் சொல்லும் பழைய பெயர். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊரில் எங்களை நயினார் என்பார்கள். ஆகவே அது எங்களைத்தான் என்று தெரியாமல், எழுத்தைக் குண்டு குண்டாக, சுற்றிலும் பூ வரைந்து, வெகு சிரத்தையாக எழுதினேன்.

கண்காட்சிக்கு நைனாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அவர் மெச்ச வேண்டும், அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். யூத மக்கள் அட்டையை வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். அடுத்த அட்டையின் முன் வெகுநேரம் நின்றார்.

"எல்லாம் உங்க பொண்ணு எழுத்துதான், நயினாரே" என்றார் சார், பெருமையாக.

நைனா என் தலையைத் தடவினார். "எழுத்து நல்லா இருக்குதும்மா."

வீட்டில் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "பொழுது போவுது, சாப்புடுங்க" என்று அம்மா கெஞ்சினாள். மலையையே பார்த்திருந்தவர், வெளிச்சம் முற்றும் போனபின் தட்டை நகர்த்தி வைத்தார். இனி விடிந்தால்தான் சாப்பாடு.

கண்காட்சியில் விற்ற சுண்டலை எனக்குத் தெரியாமல் வயிறு நிறையத் தின்றிருப்பார் என்று எண்ணி, அவரோடு பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.