மூக்கொழுகாத முயல்கள்

யோலானா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டு வருகிறவர்கள் வாசலிலேயே சட்டையை உதறிப் பார்ப்பார்கள். அவள் உண்ணி வளர்க்கிறவள். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஆடு மேய்க்கிறவனிலிருந்து காளான் பொறுக்கப் போகிறவன் வரைக்கும் உண்ணியைக் கண்டால் பிடுங்கி அடுப்பில் போடுவான். எங்கள் ஆய்வகத்தில் யோலானாவோ பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, முயலின் காதுக்கு அளவாகப் பை தைத்து, அதற்குள் உண்ணிகளை விட்டு வாயை ஒட்டிவிடுவாள். அவை ரத்தம் குடித்து அவரைக்கொட்டை அளவுக்கு ஊதி விழும். ஒவ்வொன்றையும் தூரிகை நுனியால் எடுத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு, முட்டை இடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். என் வேலை, அவளுடைய உண்ணிகளில் சிலவற்றை அரைத்து உள்ளே என்ன பாக்டீரியா இருக்கிறது என்று சோதிப்பது. அவள் வளர்ப்பாள், நான் கொல்வேன். ஆனாலும் நாங்கள் சிநேகிதிகள்தான்.

அவள் வளர்த்தவை சும்மா கிடைத்த உண்ணிகள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுகா என்ற மேய்ச்சல் மேட்டில் வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்து இழுத்து அவளே பிடித்தவற்றின் வம்சம் அது. அந்த வம்சத்தின் வயிற்றில் ஒரு பாக்டீரியா குடியிருந்தது. யாருக்கும் நோய் தராது, பாவம், நல்ல குடித்தனக்காரன். ரத்தத்தில் இல்லாத சத்தைச் சமைத்து உண்ணிக்குக் கொடுக்கும். தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். அது இல்லாவிட்டால் முட்டை பொரிக்காது. உண்ணியின் உடம்பைவிட்டு வெளியே எடுத்துத் தனியாக வளர்க்கவும் முடியாது. வேறு மேடுகளின் உண்ணிகளில் அதன் பங்காளிகள் உண்டு; அச்சு அசலாக இது சுகாவில் மட்டும்தான். எங்கள் தலைவர் டாக்டர் ஷோல்தேஸின் ஆராய்ச்சி முழுவதும் இதை நம்பித்தான் ஓடியது. யோலானாவின் வாழ்க்கையும் அப்படித்தான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. மகன் அயர்லாந்துக்குப் போனபோதுகூட அவள் மறுநாள் காலை உண்ணி அறைக்கு வந்து ஈரப்பதம் பார்த்தாள்.

முயல்கள் அவள் கணவர் வெண்டெலீனுடையவை. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லைப்புறம் முழுக்க மரக் கூண்டுகள். ஆய்வகத்துக்கு முயல் கொடுப்பதை அவர் ஏதோ அரண்மனைக்கே கொடுப்பதுபோலப் பெருமையாக நினைத்தார். ஒரு தடவை அவர் கொண்டுவந்த முயல்களில் பாதிக்கு மூக்கொழுகியது. ஷோல்தேஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன வெண்டெலீன், இது ஆய்வகமா தர்மாஸ்பத்திரியா? தும்முற முயலை வெச்சு நான் என்ன பண்றது?"

வெண்டெலீன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "இனிமே ஒண்ணுகூடத் தும்மாது டாக்டர்" என்றார்.

அப்புறம் ஒன்றுகூடத் தும்மவில்லை. கண் பளிச்சென்று, மயிர் பட்டுப் போல, மூக்கு சுத்தமாக வந்தன. ஷோல்தேஸே அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அந்த மனிதர் வீட்டுக்குப் போன நடையைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அதன் பிறகுதான் முட்டைகள் குறைய ஆரம்பித்தன. முதல் தலைமுறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்ததில், பளபளப்பாக இருக்க வேண்டிய முட்டைக் குவியல்கள் மங்கிச் சுருங்கிப் போயின. பொரித்த கொஞ்சக் குஞ்சுகளும் சோம்பிக் கிடந்தன. ஷோல்தேஸ் தினமும் கதவருகே வந்து நின்று, "ஈரம் சரியா வெச்சீங்களா யோலானாம்மா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கேட்பார். இந்த வம்சம் போனால் அறையை மூடிவிடுவார்கள் என்பதையும் அதே மரியாதையான குரலில் சொன்னார். யோலானா குப்பிகளுக்கு ஈரம் காக்கும் உப்புக் கரைசலை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், துணிப் பையைத் துவைக்கிற சோப்பைக்கூட மாற்றினாள். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அரண்டுபோயிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருப்பாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது?

நான் சோதித்துப் பார்த்தேன். அந்தப் பாக்டீரியா ஏறக்குறைய இல்லை. பழைய உண்ணிகளில் கோட்டை மாதிரி இருந்தது, இப்போது தடம்தான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யோலானா என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கொல்லையில் வெண்டெலீன் கூண்டு கூண்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளிக்குள் ஏதோ பொடியைப் போட்டுக் கரண்டியால் கலக்கினார்.

"என்ன அண்ணே, முயலுக்குச் சர்பத்தா?" என்றேன்.

"சர்பத்தா? இதுதாம்மா என் ரகசியம்" என்று கண் சிமிட்டினார். "மாட்டு டாக்டர்கிட்ட வாங்கினது. மூக்கொழுகல் பக்கத்துலயே வராது. உங்க டாக்டர் அன்னைக்குச் சொன்னாரே ஒரு வார்த்தை, அதுலேருந்து ஒருநாள் விட்டதில்ல."

நான் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். டெட்ராசைக்ளின். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. முயல் குடித்து, முயலின் ரத்தத்தை உண்ணி குடித்து... யோலானா சமையலறைக் கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"வெண்டெலீன்" என்றாள். "முயலுக்கு மருந்தே கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டியே."

"உண்ணி மருந்துதானேடி கூடாதுன்னாங்க? நான் ஒரு சொட்டு அடிச்சேனா? பூச்சிப் பொடி இந்த வீட்டுப் படியேறினதா? கொல்லையில எறும்பு சாரை சாரையா போவுது, அதைக்கூட விட்டு வெச்சிருக்கேன், உன் உண்ணிக்கு ஆவாதுன்னு!"

"இது உண்ணியைக் கொல்லலைய்யா. உண்ணி வயித்துல இருக்குறதைக் கொன்னுடுச்சு."

அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். "அடியே, கிருமி செத்தா நல்லதுதானே? கிருமி செத்தா யாராவது அழுவாங்களா?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். யோலானா அழவில்லை, திட்டவும் இல்லை. வாளியை எடுத்து வேலியோரம் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் எனக்குச் சூப் பரிமாறினாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிடவே வரவில்லை. கூண்டு வரிசைக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஷோல்தேஸிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. "சுகாவுக்குப் போய்ப் புதுசா பிடிப்போம்" என்றார். போனோம். மேடு முழுவதையும் உழுது கடுகு விதைத்திருந்தார்கள். வரப்பு ஓரங்களில் நாள் முழுக்கத் துணி இழுத்தோம். சேறுதான் ஒட்டியது. அங்கே மேய்ந்த ஆட்டு மந்தையில் மிச்சம் இருந்ததையும் யாரோ வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம், போன வாரம்தானாம். வெறும் துணியைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

அன்று மாலை நான் யோலானாவை வீட்டில் இறக்கிவிடப் போனபோது வெண்டெலீன் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். கையில் ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடி.

"யோலி, பாரு! சுகா ஆடுங்க. லாரி ஏத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன், ஓடினேன். ஒவ்வொரு ஆட்டையும் புடிச்சுக் காது, கக்கம் எல்லாம் தடவி, ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டேன். ஆட்டுக்காரன் சிரிக்கிறான், கிறுக்குப் பயலேங்குறான். சிரிச்சுட்டுப் போறான். ஜாடி நிறையப் பாக்குறப்ப நீ மயங்கி விழணும்னு ஒரு வாரமா வாயைக் கட்டிட்டு இருந்தேன்."

ஜாடி நிறைய உண்ணிகள். பழுப்பு ஓட்டில் வெள்ளைப் புள்ளி போட்ட, அசல் சுகா உண்ணிகள். ஒன்றுகூட அசையவில்லை. மூடியைத் திறக்காமலே எனக்கு வாசனை வந்தது. அவர் வீட்டிலேயே காய்ச்சிய பிளம் சாராயம்.

"தப்பிச்சு ஓடிடக் கூடாதுல்ல? நல்ல சரக்குதான் ஊத்தினேன், மகன் கல்யாணத்துக்கு வெச்சிருந்தது" என்றார். யோலானா ஜாடிக்குள் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "உண்ணி செத்தா என்னடி? உனக்கு வேணும்ங்குறது அந்தக் கிருமிதானே? அது உள்ளாற பத்திரமாத்தானே இருக்கும்?" என்றார்.

சாராயத்தில் உண்ணியோடு அந்தப் பாக்டீரியாவும் செத்திருக்கும். யோலானா ஜாடியை வாங்கி என்னிடம் நீட்டினாள். "சோதிச்சுப் பாரேன்" என்றாள். அவள் எதற்குச் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவருக்காகத்தான்.

சோதித்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. நான் எடுத்துப் பார்த்த ஒவ்வொரு உண்ணியிலும், கொட்டிக் கிடந்தது. சாராயம் அதன் அடையாளத்தைக் கொஞ்சமும் கெடவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தது. அவ்வளவு தெளிவான முடிவு என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

சொல்லத்தானே வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "எல்லாத்துலயும் இருக்கு அண்ணே."

வெண்டெலீன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரொம்ப நாளைக்கப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்லலை?" என்று மனைவியைப் பார்த்தார். "அப்ப அறையை மூட மாட்டாங்கல்ல? எப்ப எடுத்து உன் உண்ணிக்குள்ள விடப் போற?"

அறையை மூடச் சொல்லி உத்தரவு அன்று காலையே வந்துவிட்டது. அது யோலானாவின் மேலங்கிப் பையில் இருந்தது. அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

"குளிர் போவட்டும்" என்றாள்.

"சரி, சரி. அவசரமில்ல" என்று அவர் சாப்பிட ஆரம்பித்தார். வெளியே கூண்டுகளில் முயல்கள் தும்மிக்கொண்டிருந்தன.