பயர்வோல் சூடு

அந்தப் பெட்டியை இன்றைக்குக் கண்டாலும் மிதிப்பேன். எங்கட கந்தோரின் இன்டர்நெட் லைனுக்கு அது சென்றி மாதிரி. வெளியிலிருந்து வாறதை மறித்துச் சோதித்து, நல்லதை மட்டும் உள்ளே விடும். பெயர் பயர்வோல். சுனாமிக்குப் பிறகு முளைத்த நிவாரணக் கந்தோர் எங்களுடையது. வாவிக் கரையில் வாடகை வீடு, கடல் வந்துபோன கோடு சுவரில் இடுப்புயரத்துக்கு அப்படியே கிடந்தது. பெட்டிக்குள் சூடு தணிக்க மூன்று பேன், குட்டி மின்விசிறிகள். உப்புக் காற்றுத் தின்று மூன்றாவது நின்றுவிட்டது.

புதுப் பேன் அனுப்பச் சொல்லிக் கொழும்புக்கு அறிவித்தேன். அவர்களுக்கு ஆதாரம் வேணுமாம். இரண்டு கிழமைக்கு, மணிக்கு ஒருதரம், பெட்டியின் வெப்பத்தையும் பேன்கள் சுற்றுகிற வேகத்தையும் குறித்து அனுப்பட்டாம். பெட்டியே அதைப் பதிந்து வைக்காதா எண்டு ஒருத்தர் கேட்டார். "சூடு கூடினா அது நிண்டுபோகும், பதிஞ்சதும் அதோட அழிஞ்சுபோகும், நீங்க இஞ்ச வந்து பாருங்க!" எண்டு போனில் கத்தினேன். கத்தி என்ன, கடைசியில் நான்தான் குறித்து எழுதக் கொப்பி வாங்கினேன்.

பகலில் எனக்கு முகாம் முகாமாக அலைகிற வேலை. அதனால் எழுதும் பொறுப்பை என்னைக் கட்டின மனிசனிடம் விட்டேன். அவர் வவுணதீவில் வெள்ளாமை செய்தவர். வாவிக்கு அங்கால ஷெல் விழத் தொடங்க, நட்ட வயலை விட்டு ஓடிவந்து எங்கட கந்தோரில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டு இருந்தார். கணினித் திரையில் எந்த வரி வெப்பம், எந்த வரி பேன் எண்டு காட்டிக் கொடுத்தேன். மணி தவறாமல் எழுதினார். கொப்பி மட்டையில் முத்து முத்தான எழுத்தில் தலைப்பும் போட்டார்: பயர்வோல் சூடு.

அவருக்கு அது பகிடி. வயல் வட்டையில் வெட்டின கதிரை அடுக்கி வைக்கிறதுக்கும் எங்கட பக்கம் சூடு எண்டுதான் சொல்கிறது. "இந்த வருசம் எனக்குச் சூடு கொப்பியிலதான்" எண்டு சிரிப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டால், "என்ட மனிசிக்குக் கந்தோரில பேன் பாக்கிற வேலை" எண்டு தலையைச் சொறிந்து காட்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை கை தவறிக் கொப்பியில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டார். பத்து நாளைய எழுத்து. நான் பேய் பிடித்தவள் போலக் கத்தினேன். மேசையில் கிடந்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். "இனி இந்தக் கொப்பிக்கு ஏதும் நடந்துதெண்டா வீட்டுப் பக்கம் வந்திராதேயுங்க!" அவர் கொப்பியைத் துடைத்து, சொப்பிங் பேக்கில் சுற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் ஷெல்லடி ஓய்ந்திருந்தது. வயலில் ஏதும் மிஞ்சியிருக்குதா எண்டு பார்க்க அவர் பாலம் தாண்டி அங்கால போயிருக்கிறார். திரும்பி வரும்போது பாலத்தடியில் பிடித்துவிட்டார்கள். எந்த அணி எண்டு என்னிடம் கேட்க வேண்டாம். பிடித்தவனும் தமிழ்தான், அடித்தவனும் தமிழ்தான். தமிழ் தெரிந்தபடியால்தான் வந்த வினை. சிங்களவன் கையில் அகப்பட்டிருந்தால் மட்டையைக்கூட வாசித்திருக்க மாட்டான்.

அவர்கள் வாசித்தார்கள். பயர். சூடு. பத்து மணி, சூடு 58. பதினொரு மணி, சூடு 71. ஷெல் விழுகிற பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தனின் சட்டைக்குள், மணிக்கு மணி சூட்டுக் கணக்கு! அதோடு ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியில் மனிசன் ஒழுங்காக எழுதியிருந்தார்: பேன் மூன்று செத்திட்டு.

பின்னேரம் மூன்று மணிக்கு, பாலத்தடியில் கடை வைத்திருக்கிற காத்தான்குடி நானா ஓடிவந்து சொன்னார். "தங்கச்சி, மாப்பிள்ளைய கேம்புக்குள்ள இழுத்துக்கிட்டுப் போறானுகள்." அந்தக் கேம்புக்குப் போய்த் திரும்பாத ஆட்கள் எங்கட தெருவிலேயே இரண்டு பேர். எனக்கு அழுகை வரவில்லை. திருப்புளியை எடுத்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். பொறுப்பதிகாரி குறுக்கே வந்து, "முழுக் கந்தோரும் நிண்டுபோகும், கை வைக்காதீங்க" என்றார். "தள்ளுங்க, இல்லாட்டி இதாலயே மண்டையில போடுவன்!" என்றேன். போட்டிருப்பேன். பொறுப்பதிகாரி தள்ளி நின்றார்.

பெட்டியையும் மடிக்கணினியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கேம்புக்குப் போனேன். அவர்களுக்குப் பெரியவனாக உள்ளே இருந்தவனுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். மேசையில் எங்கட கொப்பி விரித்துக் கிடந்தது. அதன் மூலையில் இரத்தம்.

"அக்கா, சூடு எண்டா என்னண்டு உங்களுக்குத் தெரியாதா?" மரியாதையாகத்தான் கேட்டான். அடுத்த அறையில் அடி விழுகிற சத்தம், அதற்குப் பிறகு என்ட மனிசனின் குரல்.

"இந்தப் பெட்டிட சூடு தம்பி. கரண்ட் தாங்க, காட்டுறன்."

பெட்டி உயிர் பிடிக்க ஐந்து நிமிடம் எடுக்கும். தொடக்கத்தில் மிச்ச இரண்டு பேனும் முழு வேகத்தில் இரையும். அந்த இரைச்சலுக்குள்ளும் அடுத்த அறைச் சத்தம் கேட்டது. பொல்லுத்தடி இறைச்சியில் விழுகிற சத்தம். நான் எண்ணினேன். பதினேழு. கடைசியாகத் திரையில் எழுத்து வந்தது: 57.

"இதுதான் சூடா?" என்றான். "அப்ப எழுபத்தொண்டு எப்படி வந்தது? கூட்டிக் காட்டுங்க."

மூடியைக் கழற்றி, சுற்றுகிற பேனுக்குள் விரலை விட்டு நிறுத்தினேன். சதை கிழிந்தது. பெட்டி கீச்சென்று அலறத் தொடங்க, குண்டு எண்டு நினைத்து வாசலில் நின்றவன் துவக்கைத் தூக்கிக் குறி வைத்தான். பின்னாலிருந்து ஒருத்தன் என் முதுகில் உதைத்தான். மேசையில் முகம் அடிபட்டு வாய்க்குள் இரத்தம் ருசித்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை. 62. 66. 69. அவன் கொப்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். 71.

"அப்ப பேன் மூண்டு..."

"இந்தாக் கிடக்கு! செத்த பேன்!" எண்டு கத்தினேன்.

அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அந்தத் துவக்கு என் கையில் இருந்திருந்தால், அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஒரு குண்டை விட்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதற்காக வெட்கமும் இல்லை.

என்ட மனிசனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். இடது காதால் இரத்தம். வலது கையில் மூன்று விரல் பின்பக்கமாக மடிந்து கிடந்தது.

அந்தக் காது மறுகா ஒருநாளும் கேட்கவே இல்லை. சண்டை முடிந்து வவுணதீவுக்குத் திரும்பி, பழையபடி வெள்ளாமை செய்கிறோம். கதிர் வெட்டினால் ஆட்கள் எல்லாம் "சூடு வைப்பம்" எண்டு கூப்பிடுவார்கள். அவர் மட்டும் "அடுக்குவம்" என்பார். ஒருதரம் வரம்பில் நின்று, "சூடு எண்டு சொல்லுங்களன், ஆர் இப்ப அடிக்கப் போறான்!" எண்டு கத்திவிட்டேன். பாலத்துப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதிரைத் தூக்கினார்.

விரல் எப்படி முறிந்தது எண்டு ஒரேயொரு தரம்தான் சொன்னார், அன்றைக்கு ஓட்டோவுக்குள். கொப்பியைப் பறிக்கப் பார்த்தார்களாம், இவர் விடவில்லையாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். எனக்கு விசர் பிடித்தது. "அந்த நாசமாப்போன கொப்பிய குடுத்துத் துலைச்சிருக்கலாமே! என்னத்துக்கு அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டயள்?"

கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார்.

"நீதானேகா சொன்னாய், அதுக்கு ஏதும் நடந்தா வீட்ட வர வேணாமெண்டு."