பீரானிக்காவுக்குப் போட்ட நாற்காலிகள்

குளப்பாடத்துக்காரர்கள் பீரான்குட்டியை நடந்து பார்த்ததைவிட ஓடிப் பார்த்ததுதான் அதிகம். இளையவர்களுக்கு அவர் பீரானிக்கா, பீரான் அண்ணன். பகலெல்லாம் மர மில்லில் வேலை. மாலையானால் கறுப்புச் சட்டை மாட்டி, கழுத்தில் விசிலோடு, அறுவடை முடிந்த வயலில் போட்ட மைதானத்தில் இறங்கிவிடுவார். 'செவன்ஸ்' என்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தாட்டம் அது. மைதானம் சின்னது, ஆட்டம் வேகமானது. சுற்றிலும் பாக்கு மரத்தில் கட்டிய கேலரியில் பாதிப் பேர் பந்தைப் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் நடுவரை ஏச வந்தவர்கள். "கண்ணு தெரியாத பீரானே" என்று அவர்கள் கத்துவது காதில் விழும். விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பந்து எங்கேயோ அங்கே அவர்.

ஐம்பதைத் தாண்டியபோது இடது இடுப்பில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. தைலம் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், வாயு என்று சொல்லிக்கொண்டார். அது நகரவில்லை. முதலில் நடுவர் வேலை போயிற்று, பிறகு மில் வேலை. கடைசியில் குனிந்து கால் நகம் வெட்டவும் மனைவி சுலைகாவின் கை வேண்டியிருந்தது. பெரிந்தல்மண்ணா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார். பீரான்குட்டி இரண்டு வருடம் தட்டிக் கழித்தார்.

"உங்களுக்குப் பயமா இருந்தா இருக்கட்டும். ராத்திரி நீங்க புரண்டு படுக்கும்போது போடுற சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு. எனக்காகப் பண்ணிக்கோங்க" என்றாள் சுலைகா. மறுநாளே போய் அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

அறுவை முடிந்த மறுநாளே நர்சுகள் அவரைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். காயம் வலித்தது, தொடை இழுத்தது. ஆனால் வருடக்கணக்காக எலும்புக்குள் உட்கார்ந்து அரித்த அந்தப் பழைய வலி அங்கே இல்லை. நம்பாமல் இன்னொரு முறை காலை ஊன்றிப் பார்த்தார். இல்லை. வாக்கரைப் பிடித்தபடி அழுதுவிட்டார். நர்சு பதறிப்போய் உட்காரச் சொன்னாள். "வலிக்கல மோளே. அதுக்குத்தான் அழறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டதிட்டங்கள் தொடங்கின. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, படுக்கும்போது கால்களுக்கு நடுவில் தலையணை வேண்டும். தொழுகையும் நாற்காலியில்தான். நெற்றியைத் தரையில் வைக்க முடியாதது மட்டும் அவருக்குக் குறையாக இருந்தது. பார்க்க வந்த பள்ளிவாசல் முஸ்லியார், "உங்க நிலைமை அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றதும் மனம் கொஞ்சம் ஆறியது.

நடை பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் பிரஜீஷ். கேட்டைத் திறந்துகொண்டு வந்த நடையிலேயே பீரான்குட்டிக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

"என்னைத் தெரியுதா, பீரானிக்கா?"

"தெரியாம என்ன. எடவண்ணா டீம். லெஃப்ட் விங்."

"அரையிறுதியில சிவப்பு அட்டை காட்டி வெளிய அனுப்பிட்டீங்க. எங்க டீமும் தோத்துச்சு."

"நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"உங்க வாப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன்" என்று பிரஜீஷ் தலையைச் சொறிந்தான். "தப்புதான்."

சுலைகா டீயோடு வந்தவள் நின்றாள். "என்ன வார்த்தை?"

"நீ டீயைக் குடு" என்றார் பீரான்குட்டி.

பிரஜீஷ் சிரித்தான். "அன்னிக்கு விசில் உங்க கையில இருந்துச்சு இக்கா. இனி கொஞ்ச நாளைக்கு என் கையில."

நல்ல பொறுமைசாலி அவன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தான். கூடத்தில் நடக்க வைத்தான், முற்றத்தில் நடக்க வைத்தான். "போதும்" என்று அவன் சொன்ன பிறகும் இவருக்கு ஆசை அடங்காது. அவன் பைக் தெருமுனை தாண்டியதும் இன்னொரு சுற்று நடப்பார். நடக்க நடக்கத்தான் கால் பலப்படும் என்பது அவருடைய கணக்கு.

அப்படி இருக்கும்போதுதான் பந்தாட்டப் பருவம் தொடங்கியது. மைக் கட்டிய ஜீப் ஒன்று வீட்டைத் தாண்டிப் போனது. இன்று மாலை முதல் ஆட்டம், அனைவரும் வருக. சுலைகா குளிக்கப் போயிருந்தாள். பீரான்குட்டி செருப்பைக்கூடப் போடாமல் வாக்கரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

பக்கத்து வீட்டுப் பலா மரம் வரை கால் பறந்தது. அவறானின் டீக்கடை வரையும் மோசமில்லை. கடையில் ஆளில்லை, எல்லாரும் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். வயலுக்குத் திரும்பும் மதகுக்கு வந்தபோது கேலரியின் இரைச்சல் கேட்டது. அங்கேதான் கால் நின்றுபோயிற்று. மில்லில் மழையில் ஊறிக் கிடக்கும் தேக்குக் கட்டையைப் போல அது கனத்தது. முன்னால் வைக்கவும் முடியவில்லை, பின்னால் எடுக்கவும் முடியவில்லை. உட்காரலாம் என்றால் மதகுச் சுவர் முழங்காலுக்கும் தாழ்வு. அதில் உட்கார்ந்தால் புது மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். வாக்கரில் சாய்ந்தபடி, வியர்வை வழிய, போகிறவர் வருகிறவர் யாராவது கண்ணில் பட மாட்டார்களா என்று நின்றார்.

டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்த கிளப்காரர்கள் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். கையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நாலு பேர் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சுலைகா ஈரத் தலையோடு கேட்டில் நின்றிருந்தாள்.

"புது மாப்பிள்ளை வர்றாரா?" என்றாள். "பொண்ணு எந்த ஊரு?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கே கால் வீங்கிற்று. படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைக் கெடுத்துக்கொண்டோமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்த பிரஜீஷ், காலை மெல்ல அசைத்துப் பார்த்து, மூட்டு பத்திரமாக இருக்கிறது, சதைதான் கோபித்துக்கொண்டிருக்கிறது என்றான். திட்டுவான் என்று பீரான்குட்டி காத்திருந்தார். அவன் கட்டிலருகில் உட்கார்ந்து கேட்டான்.

"இக்கா, பாதி ஆட்டம் முடிஞ்சதும் இடைவேளைக்கு விசில் ஊதுவீங்களே. நாங்க ஓடத் தயாராத்தான இருப்போம். எதுக்கு ஊதினீங்க?"

"ஊதலேன்னா ரெண்டாம் பாதியில பந்து இருக்கும், ஆள் இருக்காது."

"அந்த இடுப்பும் ஒரு ஆளுதான்."

பீரான்குட்டி தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் நடங்க, உக்காருங்க, மறுபடி நடங்க. ஒரே மூச்சுல போறதை விட காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு போங்க. நடந்து முடிச்ச உடனே கால் என்ன சொல்லுதுன்னு கேக்காதீங்க, அப்ப அது பொய் சொல்லும். மறுநாள் காலையில கேளுங்க. வலி எப்பவும் போலத்தான்னா கொஞ்சம் கூட்டலாம். ஏறியிருந்தா குறைச்சுக்கணும். அப்புறம், போற தூரத்தை மட்டும் பாக்காதீங்க. திரும்பி வர்றதும் அதே கால்தான்."

"எல்லாம் சரி மோனே. நடுவுல உக்காருன்னா எங்க உக்கார்றது? ரோடு முழுக்கப் பாத்துட்டேன். எனக்குத் தோதான உயரத்துல ஒண்ணு இல்ல."

சமையலறையிலிருந்து சுலைகா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்திரி ரொட்டிக்கு மாவு பிசைவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுத் தேவகி சேச்சி தன் மாமனார் உட்கார்ந்த உயரமான மர நாற்காலியைத் துடைத்து, ரோட்டோரம் பலா மரத்தடியில் போட்டாள். பிறகு சுலைகா டீக்கடைக்குப் போனாள். அவறானின் பெஞ்சுகள் தாழ்வானவை. அவர் யோசித்துவிட்டு, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உயரம் பார்த்தார். கிளப்காரர்கள் செய்தி கேள்விப்பட்டு மதகுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி கொண்டுவந்து வைத்தார்கள்.

வீக்கம் வடிந்து மறுபடி கேட்டைத் தாண்டிய அன்றுதான் பீரான்குட்டி அந்த நாற்காலிகளைப் பார்த்தார். சுலைகா அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பலா மரத்தடியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைப்பது போல வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். தேவகி சேச்சி பார்க்காதது போல முற்றம் பெருக்கினாள்.

முதலில் பலா மரம் வரைதான், போய்த் திரும்புவது. அது பழகி, மறுநாள் காலை கால் முறைக்காத பிறகு டீக்கடை. அங்கே போன முதல் நாள் அவறான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"கண்ணு தெரியாத பீரானே, நாற்காலி இந்தப் பக்கம்."

"தெரியுது, தெரியுது."

"என் தம்பி அடிச்ச கோல் மட்டும் அன்னிக்குத் தெரியல. அதைக் குடுத்திருந்தா இதுல மெத்தையும் போட்டிருப்பேன்."

"அது ஆஃப்சைடு அவறானே."

"செவன்ஸ்ல ஏது ஆஃப்சைடு?" என்று கடையே சிரித்தது. பீரான்குட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவறான் பால் விடாத சுலைமானியை ஆற்றிக் கையில் கொடுத்தார். தான் விசில் ஊதி எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோம், அத்தனை பேரும் இப்போது வழிநெடுக நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களே என்று நினைத்தபடி டீயை வெறுமனே ஊதிக்கொண்டிருந்தார். டீ சூடாக இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார்.

எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அதிக நேரம் நின்றுவிட்டு வந்த மறுநாள் பலா மரமே எட்டாத தூரமாயிற்று. முன்னாலென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். இப்போது பேசாமல் முற்றத்தோடு நிறுத்திக்கொண்டார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. இடது பக்கம் அறுத்ததற்கு வலது கையில் எதற்குத் தடி என்று பார்த்தவர்களெல்லாம் திருத்தினார்கள். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கியே அவருக்குப் பாதி மூச்சு போயிற்று.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஜீப் அனுப்புகிறோம் என்றார்கள் கிளப்காரர்கள். பிரஜீஷ் நெரிசலைச் சொல்லி வேண்டாமென்றான். பீரான்குட்டி மறுபேச்சில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து மைக்கில் வந்த வர்ணனையைக் கேட்டார். கோல் விழுந்தபோது, மைக்கில் பெயர் வருமுன்னே, அங்கிருந்தே யார் அடித்திருப்பான் என்று சொன்னார். தப்பாகச் சொன்னார்.

அவர் மைதானத்தை எட்டியபோது கேலரியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பாக்கு மரங்கள் ஓரமாக அடுக்கிக் கிடந்தன, நடுவில் இரண்டு பசுக்கள் மேய்ந்தன. மேடு பள்ளமான தரை என்பதால் பிரஜீஷ் கூட வந்திருந்தான். பீரான்குட்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் மெல்ல, தடி ஊன்றி, நடு வட்டம் இருந்த இடம் வரை போனார். அவசரம் எதுவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு டாக்டர், நர்சு, சுலைகா, தேவகி, அவறான் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டார்.

"நீ ரொம்ப நல்லா ஆடுவே" என்றார் பிரஜீஷிடம். "அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன்."

"வெளிய அனுப்பிட்டு எப்படிச் சொல்வீங்க?" என்றான் அவன்.

தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகும் நாற்காலிகளை யாரும் எடுக்கவில்லை. பலா மரத்தடியில் இப்போது சந்தைக்குப் போய் வரும் பெண்கள் பையை இறக்கி வைத்து உட்காருகிறார்கள்.

மழைக்கு முன்னால் மம்பாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார், பெயர் அன்னம்மா. அவருக்கும் இடுப்புதான். டாக்டர் நாள் குறித்துவிட்டார், பயமாக இருக்கிறது, உங்களைக் கேட்டுப் போகச் சொன்னார்கள் என்றார். பீரான்குட்டி அவருக்கு முன்னால் முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினார். வலித்ததையும், அழுததையும், நாற்காலியில் தூக்கி வந்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

"எத்தனை நாள்ல நல்லா நடக்கலாம், இக்கா?" என்று அன்னம்மா கேட்டார்.

பீரான்குட்டி கொஞ்சம் யோசித்தார்.

"உங்க வீட்டுலேருந்து சர்ச்சுக்குப் போற வழியில யார் யார் வீடு இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.