மாவு மில்லில் படித்த சொல்

குமணன்சாவடி மருத்துவர் எழுதித் தந்த தாளின் கடைசி வரியில், என் நைனாவுக்குச் சிகிச்சை பலன் தருவது 'அன்லைக்லி' என்றிருந்தது. மூக்கில் மிளகாய்த்தூள் நெடி ஏறியது.

அந்தச் சொல்லை நான் கற்றது அயனம்பாக்கத்தில், இன்று அடுக்ககத்தின் கார் நிறுத்தமாகிவிட்ட மாவு மில்லின் பின்னறை டியூஷனில். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, படபடவென்று அடித்துக்கொள்ளும் மில் பெல்ட்டின் சத்தத்தை மீறி, மிளகாய் அரைபடும் நெடியில், புருவமெல்லாம் மாவு படிய, 'டவுட் சந்தேகம், பெர்ஹாப்ஸ் ஒருவேளை, அன்லைக்லி நடக்க வாய்ப்பில்லாதது' என்று கத்துவோம். ஆங்கிலக் கடிதம் வந்த வீட்டார் அரைக்க வரும்போது கோதுமையோடு அதையும் கொண்டுவந்து எங்களில் ஒருவரிடம் நீட்டுவார்கள்.

நான் ஆறாவது படித்தபோது ஒரு வியாழக்கிழமை நைனாவே ஒரு கடிதத்தோடு வந்தார். எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவைக்கும் நான் அந்தத் தேதியை மட்டும் குறிக்கவில்லை. மூடிக்கிடந்த அவருடைய அம்பத்தூர் கம்பெனி, மீண்டும் திறப்பது 'அன்லைக்லி' என்று எழுதியிருந்தது.

"இன்னா கண்ணு போட்டுக்கீது? தொறப்பானா?"

பொருள் எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒருவேளை தொறக்கலாம்னு போட்டுக்கீது நைனா."

அதை நம்பி, தேடி வந்த வேலைகளை மறுத்து மூன்று வருடம் காத்திருந்தார். பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அதே கேள்வி.

"ஒருவேளை சரியாயிடும்னு போட்டுக்கீது நைனா."

தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் இதையேதான் படிச்ச" என்றார்.